கரண்ட் போகாத மத்தியானம்

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது கழுவுவேன். பாத்திரம், தரை, ஜன்னல் கம்பி, எது கையில் கிடைக்கிறதோ அது. அந்த வியாழக்கிழமை காலையில் கையில் கிடைத்தது கம்ப்யூட்டர் கீபோர்டு.

2005, கத்திரி வெயில் காலம். கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் போய், வெயில் தலைக்கு மேல் வந்தபிறகு திரும்புவார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். பாண்டிச்சேரியில் ஓர் ஆபீஸில் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரை வாங்கி வந்து முன்னறையில் வைத்து, தமிழில் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் எனக்குக் 'கம்ப்யூட்டர்காரி' என்று பேர். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். அந்தப் பாதி மரியாதைக்காக நான் எதையும் செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பதினைந்து நாளைக்கு முன்னால் கூனிமேட்டிலிருந்து ஒரு பாய் தன் மகளை மொபெட்டில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். மீன் வியாபாரம் செய்பவர். மகள் பாண்டிச்சேரியில் எம்.ஏ. கடைசி வருஷம். கருவாடு விற்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தாள். சும்மா புத்தகம் பார்த்து எழுதியதில்லை. கூடைக்காரப் பெண்களோடு தானும் பஸ் ஏறி, சந்தை சந்தையாகப் போய், அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டு, நீல மையில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். பக்கத்தைப் புரட்டும்போதே எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாய் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். “சொன்ன நாளுக்குக் குடுத்துடுவீங்களாம்மா? இவள படிக்க அனுப்புறது எங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் பிடிக்கல. நான்தான் பிடிவாதமா அனுப்பிக்கிட்டு இருக்கேன். இந்த வருஷம் தட்டிப்போச்சுன்னா அப்புறம் என்னால யார்கிட்டயும் பேச முடியாது. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்றார்.

“குடுத்துடுவேங்க பாய். நான் சொன்னா சொன்னதுதான்” என்றேன். என்ன வாய் எனக்கு!

அவர் வெளியே போய் மொபெட்டை உதைக்கும்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “இத முடிச்சு குடுத்துட்டா பி.எட். சேத்து விடறேன்னு வாப்பா சொல்லியிருக்காரு அக்கா.” சொல்லும்போது அவள் கண் எங்கேயோ இருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு முன்னால் ஏற்கெனவே போய் நின்றுவிட்டவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஆய்வேடு கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று காலையிலேயே பாண்டிச்சேரியில் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டாக வேண்டும். அப்படியானால் வியாழக்கிழமை சாயங்காலம் ஃபிளாப்பி அவர்கள் கையில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை விடிந்தபோது பன்னிரண்டு பக்கம் பாக்கி. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கீபோர்டு மக்கர் செய்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் தூசியும் சேர்ந்தே வரும்; ஜன்னலைச் சாத்தினால் வெந்து சாகவேண்டும். போதாததற்கு வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்த கையோடு கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார். நான் மட்டும் யோக்கியமா? முறுக்கு தின்றுகொண்டே டைப் அடிப்பேன். அன்றைக்கு ஓர் எழுத்தை அமுக்கினால் எழும்பவில்லை, இன்னொன்றை அமுக்கினால் மூன்று முறை விழுந்தது. ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. “சனியனே!” என்று பிடுங்கித் தலைகீழாகத் தட்டினேன். முறுக்குத் துணுக்கு, தலைமுடி, செத்த எறும்பு, நகத்துண்டு எல்லாம் கொட்டியது. நகம் யாருடையது என்று கேட்காதீர்கள்.

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மேலே இருந்த அழுக்கு போயிற்று. உள்ளே ஒட்டியிருந்தது போகவில்லை. கம்ப்யூட்டர் கடைகளில் கீபோர்டைத் தண்ணீர் விட்டே கழுவுவார்கள், நன்றாகக் காய்ந்தால் ஒன்றும் ஆகாது என்று பாண்டிச்சேரியில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கோபம் வேறு உச்சந்தலையில் இருந்தது. கொண்டுபோய்க் குழாயடியில் வைத்து, ஷாம்பூ போட்டு, பளிச்சென்று கழுவினேன். மொட்டை மாடியில் முறத்தில் வைத்துக் காயப்போட்டேன். அந்த வெயிலில் வடகமே ஒரு நாளில் காயும். கீபோர்டு காயாதா?

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். ஒன்று நல்ல தண்ணீர். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். இன்னொன்று வீட்டுக் குழாயடியில் வரும் போர் தண்ணீர், உப்பு. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுதான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பக்கெட்டைச் சுற்றி வெள்ளையாகக் கோடு போடும். விருந்தாளி யாராவது தெரியாமல் நல்ல தண்ணீரில் கால் கழுவிவிட்டால் வீடே அலறும். நல்ல தண்ணீரைக் கழுவ எடுப்பது என்ற நினைப்பே எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வராது. எனக்கும் வரவில்லை. கம்ப்யூட்டர்காரிக்கும் வரவில்லை.

ஒரு மணிக்கு எடுத்து வந்தேன். சுடச்சுட இருந்தது. எழுத்தெல்லாம் பளபளவென்று புதுசு மாதிரி. மாட்டி ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்தியது. மவுஸை வைத்து அந்தப் பெண்ணின் ஃபைலைத் திறந்தேன். நான் கையே வைக்கவில்லை. திரையில் ஒரே எழுத்து தானாக ஓட ஆரம்பித்தது. வரிசை வரிசையாக, நிற்காமல், ஒரு கிழவி தன் பையனைப் பற்றிச் சொல்லியிருந்த வரிகளுக்கு நடுவில் புகுந்து ஓடியது. வயரைப் பிடுங்கினேன். திரும்பச் சொருகினால் இப்போது எந்த எழுத்தும் விழவில்லை. சேவ் செய்யாமல் மூடிவிட்டு, கீபோர்டைக் கவிழ்த்து உலுக்கினேன். வெள்ளையாக ஏதோ பொடி கொட்டியது. அது என்னவென்று பார்க்கும் நிதானம்கூட எனக்கு இல்லை. புது கீபோர்டு வேண்டுமென்றால் பாண்டிச்சேரிக்குப் போகவேண்டும், இல்லை திண்டிவனத்துக்கு. பஸ் பிடித்துப் போய்த் திரும்பினால் இருட்டிவிடும். பதினொரு பக்கம் அப்படியே கிடக்கிறது.

சாயங்காலம்தான் வருவார்கள் என்றிருந்தேன்; அப்போதே தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது.

அந்த நிமிஷம் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கீபோர்டைத் துண்டைப் போட்டு மூடினேன். ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. கதவைத் திறந்து, முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே, “வாங்க பாய். கரண்ட் இல்லீங்க. காலையிலேருந்தே இல்ல. இன்னும் பதினொரு பக்கம் நிக்குது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கழுவிக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். இவளை நம்பியா கொடுத்தோம் என்பார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

பாய் தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. “கரண்டுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். “வரலன்னா விட்டுடலாம்மா. அல்லாஹ் நாடுனது அவ்வளவுதான்னு நெனச்சுக்க.”

அந்தப் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப்போகும்வரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் கடத்தெருவுல ஐஸ்காரர பாத்துட்டு, அஸர் தொழுதுட்டு அஞ்சு மணிக்கு வரேன். அதுக்குள்ள கரண்ட் வந்தா பாருங்க. நீ இங்கயே இருமா” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மொபெட் சத்தம் தேய்கிறவரை அவள் காத்திருந்தாள். பக்கத்து வீட்டு டிவியில் மத்தியான சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ திட்டி, அதற்கு மேளமும் அடித்தார்கள்.

“அக்கா, பக்கத்து வூட்ல டிவி ஓடுதே” என்றாள்.

இன்னொரு பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. துண்டை எடுத்தேன்.

“நாந்தாம்மா கழுவிக் கெடுத்துட்டேன். கரண்ட் எல்லாம் போகல.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவள் திட்டவில்லை. “வாப்பா இருக்கும்போதே சொல்லியிருந்தா அப்பவே பாண்டிக்குப் போயி வேற எடுத்துக்கிட்டு வந்திருப்பாரே அக்கா” என்றாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அதையும் விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வழக்கத்தைவிட லேட். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. மேஜைமேல் கிடந்த கீபோர்டைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். குனிந்து, எழுத்துகளுக்கு நடுவில் இருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“ஏய், இன்னா இது? வூட்லயே பாத்தி கட்டி உப்பு எடுத்திருக்கிற?”

“வெளையாடாதீங்க.”

“எந்தத் தண்ணில கழுவுன?”

“குழாயடியிலதான்.”

“போர் தண்ணிய வெயில்ல வெச்சா என்ன ஆவும்? தெனம் போயி அதத்தானேடி நான் பண்ணிட்டு வரேன்!”

வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கு நான் கரண்டியை எடுத்திருப்பேன். இரண்டு வருஷமாக உப்புக்காரர் சட்டையைத் துவைக்கிறவள், உப்பு எப்படி விளைகிறது என்று தெரியாமல் போனேன். விஷயம் என்னவென்று அந்தப் பெண்ணே அவரிடம் சொன்னாள். நாளைக்கு மூன்று மணி, வாப்பா, பி.எட்., எல்லாம். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“உப்புதான? நல்ல தண்ணி பட்டா கரைஞ்சுடும். பிரி அத.”

நல்ல தண்ணீர் ஒரே ஒரு குடம் இருந்தது. அடுத்த தண்ணீர் மறுநாள் காலையில்தான். குடத்தைத் தூக்கும்போது எனக்குத் தயக்கமாகவே இருந்தது, பழக்கம் அப்படி. அவரே வாங்கி அன்னக்கூடையில் ஊற்றினார். டெஸ்டரால் திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே மூன்று கண்ணாடித்தாள் மாதிரி பிளாஸ்டிக், அதில் வெள்ளிக் கோடுகள். தாள்களுக்கு நடுவில் உப்பு ஈரத்தோடு படிந்திருந்தது. ரப்பர் குமிழ்கள் சில தரையில் உருண்டன. அந்தப் பெண் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

தாள்களை நல்ல தண்ணீரில் அலசி, என் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஒற்றி எடுத்தோம். தேய்த்தால் கோடு அழிந்துவிடும் என்று பயம். ஒற்றி, மறுபடி அலசி, மறுபடி ஒற்றினோம். குடம் காலியாயிற்று. மெயினை மேலே தூக்கினேன். ஃபேன் சுற்றியது. ஆளுக்கு ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நின்றோம். பக்கத்து வீட்டில் அடுத்த சீரியலும் முடிந்து விளம்பரம் ஓடியது. மணி மூன்றே முக்கால்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆன் செய்தேன். கீச் சத்தம் இல்லை. ஓர் எழுத்தை அமுக்கினேன், விழுந்தது. அடுத்தது விழுந்தது. இரண்டே இரண்டு எழுத்து மட்டும் கடைசிவரை வரவேயில்லை. அவை வரும் இடத்தில் எழுத்துக்கு ஒரு குறி போட்டுக்கொண்டே போய், முடித்ததும் பழைய பக்கத்திலிருந்து அந்த எழுத்துகளை எடுத்து மொத்தமாக மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அவள் வாசித்தாள், நான் அடித்தேன். அப்படி ஒரு வேகத்தில் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் இல்லை. முதுகில் வியர்வை ஓடியது. அந்தக் கிழவி சொன்னதில் மிச்ச வரிகள் வந்தபோதும் அவள் நிற்காமல் வாசித்தாள். ஐந்து பக்கம் முடிந்திருந்தபோது மொபெட் வந்து நின்றது.

பாய் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். திரை வெளிச்சமும் ஃபேனும் கண்ணில் பட்டன. “அல்ஹம்துலில்லாஹ், கரண்ட் வந்துடுச்சா?” என்றவர், சட்டென்று ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் நின்றார். “ஆனா கடத்தெருவுல மத்தியானம் பூரா கரண்ட் இருந்துச்சே?”

என் விரல்கள் கீபோர்டிலேயே நின்றுவிட்டன. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இதை நான் சத்தியமாகச் சொல்வேன்: வாயைத் திறந்தேன்.

“இந்தத் தெருவுக்கு மட்டும் ஃபியூஸ் போயிருந்துச்சு வாப்பா. இப்பதான் ஆள் வந்து போட்டுட்டுப் போனாங்க” என்றாள் மகள்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பாய் அதன்பிறகு என் முகத்தையோ வீட்டுக்காரர் முகத்தையோ பார்க்கவேயில்லை. மகள் சொல்லிவிட்டால் அவருக்கு அது போதும். அந்த நம்பிக்கையில்தான் அத்தனை சொந்தக்காரர்களையும் எதிர்த்துக்கொண்டு அவளை பஸ் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “வாசிம்மா, அக்கா அடிக்கட்டும்” என்றார்.

ஆறரைக்கு முடித்தோம். ஃபிளாப்பியை அவளிடம் கொடுத்தேன். பாய் மொபெட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்து வீட்டுக்காரர் கையில் வைத்தார். வஞ்சிரம், நல்ல துண்டம். “வேண்டாங்க பாய்” என்று நான் சொல்லச் சொல்ல, “கரண்ட் இல்லாம அவ்வளவு நேரம் தவிச்சுப்போயிருப்பீங்க. வெச்சுக்குங்கம்மா. சொன்ன சொல்ல காப்பாத்திட்டீங்க” என்றார்.

அவர் மொபெட்டைத் திருப்பும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன? நான் சொல்லிடத்தான் இருந்தேன்” என்றேன்.

“நீங்க பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா, வெளியாளுங்க எல்லாம் இப்படித்தான்னு பயந்துடுவாரு. அப்புறம் என்னை எங்கயும் அனுப்ப மாட்டாரு.” வாப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “வாப்பாகிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல அக்கா.”

போய் ஏறிக்கொண்டாள்.

ஆய்வேடு மறுநாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாஸ் ஆனாள். பி.எட். சேர்ந்தாள் என்றும் கேள்விப்பட்டேன். பி.எட்.டில் எழுதுவதற்கும் டைப் அடிப்பதற்கும் எவ்வளவோ இருக்கும். ஒரு தாள்கூட என்னிடம் வரவில்லை. எல்லாவற்றையும் பாண்டிச்சேரியிலேயே கொடுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

பாய்தான் வந்துகொண்டிருந்தார். மரக்காணம் கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் மொபெட்டை நிறுத்துவார், இறங்கமாட்டார். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்பார், அதற்கு நானும் ஒரு காரணம் என்பார். கிளம்பும்போது மறக்காமல் கேட்பார்:

“இப்ப ஃபியூஸ் எல்லாம் ஒழுங்கா நிக்குதாம்மா?”

“நிக்குதுங்க பாய்” என்பேன்.